ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர்: கேஸ் வெல்டிங்கில் தீ பின்னால் ஓடாமல் தடுப்பது எது?

கேஸ் வெல்டிங் செட்டில், சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் முடிந்து, கேஸ் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் தொடங்கும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை உருளை இருக்கும். இரண்டு முனையிலும் மரை, உடம்பில் ஓர் அம்புக்குறி, கூடவே சில எழுத்துகள். வேலை நடக்கும்போது அது எதையும் செய்வதாகத் தெரியாது. அதனால்தான் "கேஸ் சரியா வரல" என்றதும் பல இடங்களில் முதலில் கழற்றப்படுவது அதுவாக இருக்கிறது. அதன் பெயர் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர். கையில் பிடித்து வெல்டிங் செய்யும் டார்ச்சுக்குள் நுழைந்த தீ ஹோஸ் வழியாக சிலிண்டர் வரை போய்ச் சேராமல் தடுப்பது அதன் வேலை.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சாமான் உண்டு. நான்-ரிட்டர்ன் வால்வ், சுருக்கமாக என்.ஆர்.வி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "என்.ஆர்.வி. போட்டிருக்கு, அது போதும்" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. போதாது. காரணம் புரிய வேண்டுமென்றால், தீ ஏன் வழக்கமாக வெளியே நிற்கிறது, எப்போது உள்ளே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தீயின் வேகமும் கேஸின் வேகமும்

டார்ச்சின் நுனியில் உள்ள நாசிலிலிருந்து, எரியும் கேஸும் ஆக்சிஜனும் சேர்ந்த கலவை ஒரு வேகத்தில் வெளியே பாய்கிறது. அந்தக் கலவையில் பற்றிய தீயும் சும்மா நிற்பதில்லை. எரியாத கலவை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பது அதன் இயல்பு. எரியாத கலவை நாசிலுக்குள் இருக்கிறது. ஆக, தீ எப்போதும் உள்ளே போகத்தான் பார்க்கிறது. வெளியே பாயும் கேஸ் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆற்றில் எதிர்நீச்சல் போடுபவர், நீரின் வேகமும் தன் வேகமும் ஒன்றாக இருந்தால் ஒரே இடத்தில் நிற்பது போல் தெரிவார் அல்லவா, அதே கதைதான். நாசில் நுனியில் அசையாமல் நிற்கும் அந்தச் சின்ன வெள்ளைக் கூம்பு இப்படி இரண்டு வேகங்கள் சரிக்குச் சரியாக மோதும் இடம்.

அசிட்டிலீனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீயின் வேகம் மிக அதிகம்: நொடிக்குச் சுமார் 10 மீட்டர். புரொப்பேன், ஆக்சிஜன் கலவையில் இது சுமார் 4 மீட்டர்தான். அசிட்டிலீன் சுடரின் வெப்பம் 3,100 டிகிரி செல்சியஸைத் தொடுவதால் வெல்டிங்குக்கு அதை விட்டால் வேறு நல்ல கேஸ் இல்லை. உள்ளே ஓடிவர அதிகம் துடிப்பதும் அதே கேஸ்தான்.

இப்போது கேஸின் வேகம் குறைந்தால் என்ன ஆகும்? நாசில் துளையில் உருகிய இரும்புத் துளி ஒட்டிக்கொள்ளலாம். வேலை செய்யும் தகட்டில் நாசில் முட்டி ஒரு கணம் அடைபடலாம். நாசில் அளவுக்குத் தேவையான அழுத்தத்தை ரெகுலேட்டரில் வைக்காமல் இருந்திருக்கலாம். ஹோஸ் மேல் யாராவது ஏறி நிற்கலாம். நாசில் அதிகமாகச் சூடேறினாலும் ஆபத்துதான், ஏனென்றால் சூடான கலவையில் தீ இன்னும் வேகமாக நகரும். எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்று: தள்ளும் வேகத்தைத் தீயின் வேகம் தாண்டிவிடும். தீ உள்ளே நுழையும்.

உள்ளே போனால் மூன்று விதம்

முதல் விதம் பேக்ஃபயர். 'டப்' என்று ஒரு சத்தம், சுடர் அணைந்துவிடும், அல்லது அணைந்து உடனே திரும்பவும் நாசில் நுனியில் பற்றிக்கொள்ளும். நாசிலுக்குள் கொஞ்ச தூரம் போன தீ அங்கேயே செத்துவிட்டது என்று பொருள். கேஸ் வெல்டிங் செய்யும் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஒருமுறை வந்தால் பதற வேண்டாம். அடுத்தடுத்து வந்தால் நாசிலையும் அழுத்தத்தையும் பார்த்தாக வேண்டும். "பழகிப் போச்சு" என்று விடுவதில்தான் வினை இருக்கிறது.

இரண்டாவது, தீ உள்ளே போய் அணையாமல், டார்ச்சுக்குள் இரண்டு கேஸும் கலக்கும் இடத்தில் உட்கார்ந்து எரிவது. வெளியே சுடர் தெரியாது. ஆனால் கீச்சென்று ஒரு விசில் சத்தமோ சீறலோ கேட்கும், நாசிலிலிருந்து கருப்புப் புகை வரும், கைப்பிடி சூடாகும். சில நொடிகளிலேயே டார்ச்சின் உட்புறம் உருகத் தொடங்கிவிடும்.

மூன்றாவதுதான் ஃப்ளாஷ்பேக். தீ கலக்கும் இடத்தையும் தாண்டி ஹோஸுக்குள் ஓடுவது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஹோஸில் தூய அசிட்டிலீன் மட்டும், உரிய குறைந்த அழுத்தத்தில் இருந்தால் தீ அதற்குள் ஓட முடியாது. எரிய ஆக்சிஜன் வேண்டுமே. ஆக்சிஜன் ஹோஸில் ஆக்சிஜன் மட்டும் இருந்தாலும் எரிய கேஸ் இல்லை. ஆகவே தீ ஹோஸுக்குள் ஓடியது என்றால், அதற்கு முன்பே அந்த ஹோஸுக்குள் இரண்டு கேஸும் கலந்து கிடந்தன என்று அர்த்தம். கேஸ் முதலில் பின்னால் போகிறது, தீ அதற்குப் பிறகு போகிறது. பாதுகாப்புச் சாமான்களின் முழுச் சூட்சுமமும் இந்த வரிசைக்குள் அடங்கிவிடும்.

கேஸ் எப்படிப் பின்னால் போகிறது? பல இடங்களில் ஆக்சிஜன் அழுத்தம் அசிட்டிலீன் அழுத்தத்தைவிட அதிகமாக வைக்கப்பட்டிருக்கும். நாசில் அடைபட்டால் ஆக்சிஜனுக்கு வெளியே போக வழியில்லை. அழுத்தம் குறைந்த அசிட்டிலீன் ஹோஸ் பக்கம் திரும்பிவிடும். ஆக்சிஜன் சிலிண்டர் வேலை நடுவில் காலியானால் கதை தலைகீழ்: அசிட்டிலீன் ஆக்சிஜன் ஹோஸுக்குள் நுழையும். பற்றவைக்கும் முன் இரண்டு வால்வையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பது, முந்தின நாள் வேலை முடிந்து ஹோஸைக் காலி செய்யாமல் விட்டது, சிலிண்டரை மூடிவிட்டு டார்ச் வால்வுகளைத் திறந்தே வைத்தது, இவையும் ஹோஸுக்குள் கலவை உருவாகும் வழிகள்தான். ஃப்ளாஷ்பேக்குகள் பெரும்பாலும் பற்றவைக்கும் கணத்தில் நடப்பதற்குக் காரணம் இதுதான். அப்போது ஹோஸுக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

கலவை நிறைந்த நீளமான ஹோஸில் தீ ஓட ஓட வேகம் பிடிக்கும். ஒரு கட்டத்தில் அது எரிதல் என்ற நிலையைத் தாண்டி ஒலியைவிட வேகமாக ஓடும் வெடிப்பு அலையாக மாறிவிடும். ஹோஸ் கிழியும், ரெகுலேட்டர் சிதறும், சிலிண்டர் வரைக்கும் போனால் அதைவிடப் பெரிய தலைவலி. அசிட்டிலீன் ஆக்சிஜனே இல்லாமலும், போதிய வெப்பமும் அழுத்தமும் கிடைத்தால், தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய கேஸ். ஹோஸில் அதன் அழுத்தம் 1 பாரை (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு), அல்லது நாட்டுக்கு நாடு மாறும் விதிப்படி 1.5 பாரைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருப்பது அதனால்தான். சிலிண்டருக்குள்ளேயும் அதை வெறுமனே அடைப்பதில்லை. நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் என்ற திரவத்தை ஊற்றி, அந்த அசிட்டோனில் கேஸைக் கரைத்து வைக்கிறார்கள். இந்த வகை சிலிண்டரைப் பாதுகாப்பாக்குவதில் பெரும் பங்காற்றிய சுவீடன் பொறியாளர் குஸ்தாவ் டாலேன், 1912இல் அசிட்டிலீன் சோதனை ஒன்றில் நடந்த வெடிப்பில் பார்வையை இழந்தார். அதே ஆண்டில்தான் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசும் வந்தது. அந்த கேஸைக் கரைத்துக் குடித்தவரையே அது விட்டுவைக்கவில்லை.

என்.ஆர்.வி. செய்வது ஒன்று, அரெஸ்டர் செய்வது வேறு

என்.ஆர்.வி.யின் வேலை முதல் கட்டத்தோடு முடிகிறது. உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் முன்னால் ஒரு மூடி, மூடி பதிய ஒரு ரப்பர் வளையம். கேஸ் சரியான திசையில் வந்தால் மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு போகும். எதிர்த்திசையில் வந்தால் ஸ்பிரிங் மூடியைப் பதித்து வழியை அடைத்துவிடும். அவ்வளவுதான். இது கேஸ் பின்னால் போவதைத் தடுக்கும். தீயைத் தடுக்க இதில் ஒன்றுமே இல்லை. ஓடிவரும் தீயும் வெடிப்பு அலையும் அந்த மூடி பதிவதற்குள் தாண்டிப் போய்விடலாம். ரப்பர் வளையத்தில் ஒரு தூசி சிக்கியிருந்தால் மூடி முழுசாகப் பதியாது, கேஸ் கசிந்து பின்னால் போய்க்கொண்டே இருக்கும், வெளியே ஒரு அடையாளமும் தெரியாது.

தீயை நிறுத்துவது அரெஸ்டருக்குள் இருக்கும் உலோக வடிகட்டி. பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகுத் துகள்களை அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைத்துச் செய்வது. கையில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான சின்னக் குழாய் போல இருக்கும். கெட்டி உலோகம் என்றே தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத, மைக்ரான் கணக்கில் அளக்கும் துளைகள் அதில் வளைந்து நெளிந்து ஓடுகின்றன. கேஸ் அவற்றின் வழியாகக் கசிந்து போய்விடும். தீயால் போக முடியாது. தீ நகர வேண்டுமானால், தன் வெப்பத்தால் அடுத்திருக்கும் கலவையைச் சூடாக்கிப் பற்றவைத்துக்கொண்டே போக வேண்டும். நுண்ணிய துளைக்குள் நாலா பக்கமும் உலோகச் சுவர் மிக நெருக்கத்தில் இருக்கிறது. அடுத்த அடுக்கு பற்றுவதற்குத் தேவையான வெப்பத்தை அந்தச் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. தீ அங்கேயே செத்துவிடும்.

இந்த யோசனை பழையது. 1815இல் ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஒரு விளக்கு செய்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. சுரங்கத்தில் கசியும் மீத்தேன் வலைக்குள் வந்து எரிந்தாலும் தீ வலையைத் தாண்டி வெளியே போகாது. ஆனால் மீத்தேனும் காற்றும் கலந்ததை அடக்கும் கம்பி வலை, அசிட்டிலீனும் ஆக்சிஜனும் கலந்ததன் முன்னால் எடுபடாது. துளை அதைவிடப் பல மடங்கு சின்னதாக வேண்டும், வெடிப்பு அலையின் அடியையும் தாங்க வேண்டும். அதற்காகத்தான் துகள் ஒட்டிய வடிகட்டி.

சரி, தீ வடிகட்டியில் வந்து நின்றுவிட்டது. பின்னாலிருந்து கேஸ் வந்துகொண்டே இருந்தால்? வடிகட்டியின் முகத்திலேயே தீ குடியேறி எரியத் தொடங்கும். நேரம் ஆக ஆக உலோகம் சூடேறும், சுவர் வெப்பத்தை உறிஞ்சும் திறனை இழக்கும், கடைசியில் தீ ஊடுருவிவிடும். இதற்காகத்தான் நல்ல அரெஸ்டரில் வெப்பத்தால் மூடிக்கொள்ளும் ஒரு வால்வும் சேர்ந்திருக்கும். ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு மூடியை, குறைந்த வெப்பத்திலேயே உருகும் உலோகக் கலவை பிடித்துவைத்திருக்கும். சூடு ஏறினால் கலவை உருகும், பிடி விடும், ஸ்பிரிங் மூடியை அடித்துச் சாத்திவிடும். கேஸ் நின்றது, தீயும் நின்றது. இது ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். அதன் பிறகு அந்த அரெஸ்டர் குப்பைக்கு.

சில மாடல்களில் இதற்கு மேல் அழுத்தத்தால் மூடிக்கொள்ளும் வால்வும் உண்டு. ஃப்ளாஷ்பேக்கின் அழுத்த அலை வந்து மோதியதும் அது கேஸை அடைத்துவிடும். வெளியே ஒரு கைப்பிடியோ பட்டனோ நிலை மாறி நின்று, நடந்ததைக் காட்டும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குத் தள்ளி வைக்கலாம் என்பது வசதி. காரணத்தைத் தேடாமல் தள்ளிவிட்டு மறுபடி பற்றவைக்கத் தூண்டுகிறது என்பதால் எனக்கு அந்த வசதி மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

பெரும்பாலான அரெஸ்டர்களில் என்.ஆர்.வி.யும் உள்ளேயே இருக்கும். அதனால் அரெஸ்டர் வாங்கினால் தனியாக என்.ஆர்.வி. தேடத் தேவையில்லாமல் போகலாம். என்.ஆர்.வி. வாங்கியவருக்கு அரெஸ்டர் கிடைத்துவிடாது.

எங்கே மாட்டுவது

ஒன்றே ஒன்று என்றால் ரெகுலேட்டரின் வெளிவாசலில். இரண்டு கேஸுக்கும் தனித்தனியாக. அசிட்டிலீன் பக்கம் மட்டும் மாட்டிவிட்டு ஆக்சிஜனை விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆக்சிஜன் ஹோஸில் ஃப்ளாஷ்பேக் வந்தால் ஹோஸின் ரப்பரே எரிபொருளாகிவிடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ரெகுலேட்டரில் மாட்டினால் சிலிண்டர் தப்பும், ஆனால் ஹோஸ் முழுக்கத் தீயின் பாதையில்தான் இருக்கிறது. கிழியும் ஹோஸ் வேலை செய்பவரின் காலடியிலோ தோளிலோ கிடப்பது. டார்ச்சின் நுழைவாயிலிலும் ஓர் அரெஸ்டர் இருந்தால் தீ ஹோஸுக்குள் நுழையும் முன்பே நிற்கும். டார்ச் கொஞ்சம் கனக்கும், கேஸ் ஓட்டமும் சற்றுக் குறையும். ஹோஸ் நீளமாக இருந்தால் இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பேன். அது முடியாதபோது டார்ச் பக்கம் என்.ஆர்.வி.யும் ரெகுலேட்டர் பக்கம் அரெஸ்டரும் என்பது பரவலாக உள்ள ஏற்பாடு.

வாங்கும்போது உடம்பில் உள்ள எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள். ஐஎஸ்ஓ 5175 என்ற தர எண், கேஸ் போகும் திசைக்கு அம்புக்குறி, எந்த கேஸுக்கு, எவ்வளவு அழுத்தம் வரை என்பதெல்லாம் அங்கேயே பொறித்திருக்கும். அசிட்டிலீன் சாமான்களுக்கு இடது மரை, ஆக்சிஜனுக்கு வலது மரை என்பதால் இடம் மாற்றி மாட்ட முடியாது. ஆனால் அசிட்டிலீனுக்கும் எல்பிஜிக்கும் இரண்டுமே இடது மரை. மாட்டினால் ஏறிவிடும், பொருந்துமா என்பதைப் பொறித்த எழுத்துதான் சொல்லும்.

இன்னொன்று, அளவு. வடிகட்டி எப்போதும் கேஸ் ஓட்டத்துக்குக் கொஞ்சம் தடைதான். சின்ன வெல்டிங் நாசிலுக்குப் போதுமான அரெஸ்டரைப் பெரிய கட்டிங் நாசிலுக்கோ, இரும்பைச் சூடாக்கும் பல துளை நாசிலுக்கோ மாட்டினால் கேஸ் பற்றாக்குறை வரும். கேஸ் வேகம் குறையும். வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்: தடுக்க மாட்டிய சாமானே ஃப்ளாஷ்பேக்கைக் கூப்பிட்டுவிடும். தயாரிப்பாளர் தரும் ஓட்ட அட்டவணையை நாசிலின் தேவையோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதுதான் இதற்கு வழி. அப்புறம், ஒரே அரெஸ்டரிலிருந்து கிளை பிரித்து இரண்டு டார்ச்சுக்குக் கொடுப்பதும் சரிவராது. அந்தத் தடத்தில் ஒரு டார்ச்சின் கேஸ் அடுத்ததற்குள் போக வழி இருக்கிறது.

கவனிப்பும் சோதனையும்

வடிகட்டி காலப்போக்கில் அடைபடும். ஹோஸின் உள் தூசி, துரு, சிலிண்டரிலிருந்து இழுபட்டு வரும் அசிட்டோன் எல்லாம் அங்கே வந்து சேரும். அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்க வைத்து உபயோகிப்பதும், அதன் கொள்ளளவுக்கு மீறி வேகமாக கேஸ் எடுப்பதும் அசிட்டோனை வெளியே இழுக்கும். ரெகுலேட்டரில் அழுத்தம் சரியாக இருந்தும் டார்ச்சில் சுடர் நலிந்தால் அரெஸ்டரைச் சந்தேகிக்கலாம். அதைத் திறந்து சுத்தம் செய்ய முயல வேண்டாம். கரைப்பான் ஊற்றுவது, ஊசியால் குத்துவது எல்லாம் வடிகட்டியைக் கெடுக்கும். மாற்றிவிடுவதுதான் முறை.

என்.ஆர்.வி. பகுதியைச் சோதிப்பது எளிது. அரெஸ்டரைக் கழற்றி, கேஸ் வெளியேறும் பக்கத்திலிருந்து எண்ணெய் கலக்காத நைட்ரஜனைக் குறைந்த அழுத்தத்தில் கொடுத்து, மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி வந்தால் மூடி பதியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யச் சொல்வார்கள். 5 ஆண்டில் அரெஸ்டரையே மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. மாட்டும்போது மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது, ஆக்சிஜன் பக்கம் நிச்சயமாகக் கூடாது. டெஃப்லான் டேப்பும் வேண்டாம்: இந்த இணைப்புகள் உலோகத்தோடு உலோகம் பதிந்து அடைபவை. இறுக்கிவிட்டு சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தால் போதும்.

பற்றவைக்கும் முன் ஒவ்வொரு கேஸையும் தனித்தனியாகச் சில நொடி வெளியே விட்டு ஹோஸைத் துப்புரவு செய்வது பழக்கமாகிவிட வேண்டும். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்பு இல்லாமல். ஹோஸ் நீளமென்றால் நேரமும் கூட வேண்டும். அரெஸ்டர் இருக்கிறதே என்று இதை விடுவது, முதல் காவலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டாம் காவலை மட்டும் நம்புவது.

நடந்துவிட்டால்

டார்ச்சுக்குள் விசில் சத்தம் கேட்டால் முதலில் டார்ச்சின் ஆக்சிஜன் வால்வை மூடுங்கள். உள்ளே எரியும் தீ ஆக்சிஜனால்தான் உயிரோடு இருக்கிறது. உடனே எரிவாயு வால்வு, அடுத்து முடிந்தால் இரண்டு சிலிண்டர்களும். ஹோஸ் வெடித்துத் தீ பரவியிருந்தால், சிலிண்டர் வால்வைப் பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மட்டும் மூடுங்கள்.

அசிட்டிலீன் சிலிண்டரின் உடம்பு சூடேறுவது தெரிந்தால் அங்கே நிற்கவே கூடாது. உள்ளே சிதைவு தொடங்கியிருந்தால் வெளித்தீ அணைந்த பிறகும் அது தொடரும். அதை நகர்த்த முயலாமல் எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புத் துறையை அழைத்து, என்ன சிலிண்டர் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிலிண்டருக்கு எதுவும் ஆகவில்லை, சத்தத்தோடு போய்விட்டது என்றாலும் உடனே திரும்பப் பற்றவைக்க வேண்டாம். நாசில், டார்ச், இரண்டு ஹோஸ், இரண்டு அரெஸ்டர், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஹோஸ் முனையில் வெள்ளைத் துணி வைத்துத் துடைத்துப் பாருங்கள். கரி ஒட்டினால் தீ அதற்குள் வந்து போயிருக்கிறது. வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்சுவர் வெந்து உதிரத் தொடங்கியிருக்கும், அந்தத் துகள் அடுத்த முறை என்.ஆர்.வி.யின் மூடியில் போய் உட்காரும். அப்படிப்பட்ட ஹோஸைக் கழித்துவிட வேண்டும், கழித்ததை இரண்டு துண்டாக வெட்டியும் போட வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.